ரேகார் 900 எஃப்ஜி டீசல் ஃபில்டர்: பின் எஞ்சின் மோட்டார்ஹோமுக்கு ஏற்றதா?

டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால். பெரிய டீசல் மோட்டார்ஹோம்கள் பலவற்றின் பிறவிக் கோளாறு இதுதான். லிஃப்ட் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருப்பதால் ஏழெட்டு மீட்டர் தூரத்திலிருந்து டீசலை உறிஞ்சி இழுத்தாக வேண்டும். வழியில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். சொட்டினாலாவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

போதாக்குறைக்கு வண்டி வருடத்தில் பல மாதம் அசையாமல் கிடக்கிறது. அரை டேங்க் டீசல் இருந்தால் மீதி அரை டேங்க் ஈரக் காற்று. இரவில் குளிர்ந்ததும் அந்த ஈரம் டேங்கின் உள்சுவரில் வியர்த்து, வழிந்து, அடியில் தண்ணீராகத் தங்குகிறது. பயோடீசல் கலந்த எரிபொருளாக இருந்தால் அது தன்னுள் கரைத்து வைத்திருக்கும் ஈரமும் அதிகம். குளிர்ந்தால் அதையும் கக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற அந்த மெல்லிய இடைவெளியில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். நின்றுபோன வண்டியின் ஃபில்டரில் கறுப்பாக, கொழகொழவென்று இருப்பது அதுதான்.

பார்க்கர் நிறுவனத்தின் ரேகார் டர்பைன் வரிசை ஃபில்டர்கள் படகுக்காரர்களிடம் நெடுநாளாகப் பேர் வாங்கியவை. அவற்றில் நடுத்தர அளவான 900 எஃப்ஜியைப் பின் எஞ்சின் மோட்டார்ஹோமில் நாமே மாட்டிப் பராமரிப்பதைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: நல்ல பொருள். ஆனால் இதன் பாதிப் பலன் மூடியின் மேல் மாட்டுகிற வாக்குவம் கேஜில், அதாவது பம்ப் எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறது என்று காட்டும் மானியில், இருக்கிறது. அந்தக் கேஜ் தனியாக வாங்க வேண்டியது. கேஜ் வேண்டாம் என்பவருக்குப் பழைய ஃபில்டரே போதும்.

உள்ளே நடப்பது எளிமையானது. டீசல் நுழைந்ததும் ஒரு சிறு பந்து வால்வைத் தாண்டுகிறது. எஞ்சின் நின்றபின் டீசல் டேங்குக்குத் திரும்பி ஓடிவிடாமல் தடுக்கும் பந்து அது. அடுத்து டர்பைன் சிறகுகள் டீசலைச் சுழற்றிவிட, பெரிய அழுக்கும் தண்ணீர்த் துளிகளும் எடை தாங்காமல் கீழே உள்ள ஒளி ஊடுருவும் கிண்ணத்தில் விழுகின்றன. நுண்துளிகள் கூம்புத் தகட்டிலும் எலிமென்ட்டின் (உள்ளே இருக்கும், மாற்றக்கூடிய காகித வடிகட்டி) மேற்பரப்பிலும் ஒன்றுசேர்ந்து பெரிதாகி அவையும் விழுகின்றன. மிச்ச அழுக்கை மட்டுமே காகிதம் பிடிக்க வேண்டியிருப்பதால் எலிமென்ட் நீடித்து உழைக்கிறது.

சுழற்றி மாட்டும் சாதாரண ஃபில்டரோடு ஒப்பிட்டால் இதன் முதல் சௌகரியம், மேலிருந்து மாற்றலாம் என்பது. வண்டிக்கு அடியில் படுத்து, பெல்ட் குறடு போட்டுத் திருகி, முழங்கை வழியாக டீசல் ஒழுக வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால் எலிமென்ட் கைப்பிடியோடு நிற்கிறது. இரண்டாவது சௌகரியம் கிண்ணம். தண்ணீர் இருக்கிறதா என்று யூகிக்காமல் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

அளவைத் தேர்வதில் பலர் சறுக்குகிறார்கள். எஞ்சின் எரிக்கும் டீசலைக் கணக்கெடுத்து ஃபில்டர் வாங்கக் கூடாது. பம்ப் இழுப்பது எரிவதைவிடப் பல மடங்கு. மிச்சம் இன்ஜெக்டர்களையும் பம்பையும் குளிர்வித்துவிட்டு டேங்குக்கே திரும்புகிறது. ரேகார் 500 வரிசை மணிக்கு 227 லிட்டர், 900 வரிசை 341 லிட்டர், 1000 வரிசை 681 லிட்டர் கடத்தும். ஆறு சிலிண்டர், ஆறு லிட்டர் அளவிலான எஞ்சினுக்கு 900 பொதுவாகப் போதும். எட்டு ஒன்பது லிட்டர் எஞ்சின் என்றால், முக்கியமாக அது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் வகை) என்றால், கையேட்டில் பம்பின் மொத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு 1000-க்குப் போவது நல்லது. 900 சுமார் 17 அங்குல உயரம், 1000 சுமார் 22 அங்குலம். இதற்கு மேல் எலிமென்ட்டை உருவி எடுக்க இன்னும் பத்து அங்குலம் காலியாக வேண்டும். இந்தப் பத்து அங்குலத்தை மறந்து படுக்கைக்குக் கீழே உள்ள இடுக்கில் மாட்டினால், மேலிருந்து மாற்றும் சௌகரியமே போய்விடும்.

எலிமென்ட்டின் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விஷயம் இன்னும் மோசம். மூன்று நிறம் உண்டு: பழுப்பு 2 மைக்ரான், நீலம் 10, சிவப்பு 30. 900-க்கான எலிமென்ட் எண் 2040. அதன் பின்னால் எஸ்எம் என்று இருந்தால் 2, டிஎம் என்றால் 10, பிஎம் என்றால் 30. நுண்ணியது எதுவோ அதுவே நல்லது என்று நினைத்து 2 மைக்ரானை வாங்கி உறிஞ்சும் பாதையில் மாட்டுவதுதான் இந்தப் பொருளோடு நடக்கும் முதல் தவறு. நீளமான பாதையில் பம்ப் ஏற்கெனவே திணறுகிறது. அதன் வாயை இன்னும் இறுக்கிக் கட்டினால் ஏற்றத்தில் சக்தி குறையும், டீசலில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரியும், லிஃப்ட் பம்ப் சீக்கிரம் சாகும். 1998-க்குப் பிறகு சில ஆண்டுகள் கம்மின்ஸ் 5.9 எஞ்சினில் வந்த போஷ் விபி44 இன்ஜெக்ஷன் பம்ப் போன்றவற்றில் கதை அதோடு முடியாது. அந்தப் பம்புக்கு டீசல்தான் உயவு, டீசல்தான் குளிர்ச்சி. லிஃப்ட் பம்ப் செத்தால் அடுத்து அதுவும் சாகும், செலவு பல மடங்கு.

எஞ்சின் மேலேயே நுண்ணிய இரண்டாம் ஃபில்டர் இருக்கிறது, நுண்ணிய வேலையை அதனிடமே விடுங்கள். புதிதாக மாட்டும்போது சிவப்பில் தொடங்கலாம். டேங்க் சுத்தமாகி, கேஜ் முள் பல மாதம் அசையாமல் இருந்தால் நீலத்துக்கு மாறலாம். கையேடே முதன்மை ஃபில்டருக்கு 10 மைக்ரான் என்று குறிப்பிட்டிருந்தால் நேராக நீலம்தான், அதில் பேச்சே இல்லை.

மாட்டும் முறைக்கு வருவோம். இடம் டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில், உறிஞ்சும் பக்கம். இந்த உடல் தாங்கும் அழுத்தம் 15 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு). பம்புக்குப் பின்னால் அழுத்தப் பக்கத்தில் மாட்டும் எண்ணம் வேண்டாம். சேசிஸில் ஏற்கெனவே சுழற்றி மாட்டும் முதன்மை ஃபில்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள். இரண்டையும் வரிசையாக விட்டால் தடை கூடும், பலன் கூடாது. பழைய ஃபில்டரில் தண்ணீர் உணரி ஒன்று எஞ்சின் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால் மட்டும் நிதானம் தேவை. ஒயரைப் பிடுங்கினால் டேஷில் விளக்கு எரியும். ரேகாரின் உணரி அந்தக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அப்படிப்பட்ட புதிய வண்டிகளில் தொழிற்சாலை ஃபில்டரை அப்படியே விட்டு, அதன் குழாயில் கேஜை மட்டும் சேர்ப்பது உத்தமம்.

சக்கரம் கல் எறியும் கோட்டில் வைக்காதீர்கள். டர்போ, எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலும் வேண்டாம், கிண்ணம் பிளாஸ்டிக். வேறு இடமே இல்லை என்றால் கிண்ணத்துக்கு அடியில் உலோகக் கவசம் கொண்ட எம்ஏ வகையை வாங்குங்கள். தாங்கு தகட்டைச் சேசிஸ் சட்டத்தில் போல்ட் போட்டு, பூட்டு நட்டோடு இறுக்க வேண்டும். மெல்லிய தகட்டுச் சுவரில் மாட்டினால் டீசல் நிறைந்த உடலின் எடையும் அதிர்வும் சேர்ந்து சுவரைக் கிழித்துவிடும்.

900-இன் வாய் 7/8-14 நேர் மறை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி, கூம்பாகக் குறுகாதது), ஓ-ரிங்கால் அடைபடுவது. இதில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. நேர் மறையில் டேப் எதையும் அடைக்காது. பிரிந்த துணுக்கு மட்டும் ஓடிப்போய் பந்து வால்விலோ பம்பிலோ சிக்கும். ஓ-ரிங்கில் டீசல் தடவி, அடாப்டரை இறுக்கினால் போதும். ஹோஸின் உள்விட்டம் ஏற்கெனவே உள்ள குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. பயோடீசல் தாங்கும் தரமா என்று மேலே அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். செங்குத்து எல்போக்களைத் தவிர்த்து அகல வளைவாகக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு எல்போவும் ஒரு தடை. ஹோஸை வெட்டியபின் உள்ளே காற்று ஊதித் துடைக்காவிட்டால் ரப்பர்த் தூள் நேராக எலிமென்ட்டுக்குத்தான் போகும், வெளியேறும் பக்க ஹோஸாக இருந்தால் பம்புக்கே போகும்.

ஃபில்டருக்கு முன்னால் கைப்பிடியால் திறந்து மூடும் முழுத்துளை பால் வால்வ் ஒன்று கட்டாயம் (உள்ளே இருக்கும் பந்து வால்வு வேறு). சரிவில் வண்டி மூக்கை உயர்த்தி நின்றால் டேங்கின் டீசல் மட்டம் ஃபில்டரைவிட மேலே வந்துவிடும். வால்வ் இல்லாமல் அந்த நிலையில் கிண்ணத்தின் அடைப்பைத் திறந்தால் டேங்க் முழுக்கத் தரையில்தான்.

இனி எலிமென்ட் மாற்றுவது. தயாரிப்பாளர் சொல்வது 500 மணி நேரம், அல்லது 10,000 மைல் (ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர்), அல்லது ஒன்றுவிட்டு ஒரு ஆயில் மாற்றம், அல்லது ஒரு வருடம்; சக்தி குறைவது தெரிந்தால் உடனே. எது முந்துகிறதோ அது. மோட்டார்ஹோமில் பெரும்பாலும் வருடக் கணக்குதான் முந்தும். அதனால் ஓடிய தூரத்தைப் பார்த்து, “இன்னும் நிறைய இருக்கிறது” என்று தள்ளிப்போடாதீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பால் வால்வை மூடி, மூடியின் டி-கைப்பிடியைத் தளர்த்துங்கள். மேலே காற்று நுழைய வழி கொடுக்காவிட்டால் கீழே ஒன்றும் வடியாது. கிண்ணத்தின் அடைப்பைத் திறந்து கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அடைப்பை மூடிவிட்டு, குடுவையை ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். பிறகு மூடியை எடுத்து, எலிமென்ட்டின் கைப்பிடியைப் பிடித்து லேசாகத் திருகியபடி மெதுவாக மேலே இழுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் மடிப்பில் இருந்த அழுக்கு திரும்ப உள்ளேயே விழும். புது எலிமென்ட்டை உட்கார வைத்த பின்னரே டீசல் ஊற்ற வேண்டும், முன்னால் அல்ல. மூடி கேஸ்கெட்டும் கைப்பிடி ஓ-ரிங்கும் எலிமென்ட் பெட்டியிலேயே வரும். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று புதியதை டிராயரில் போடுவது வேண்டாம். பழைய கேஸ்கெட் மூடியின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதியதை வைத்து மூடுவது இன்னொரு வழக்கமான பிழை. விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புதியதற்கு டீசல் பூசி வைத்து, வாய் வரை சுத்தமான டீசல் நிரப்பி, மூடி, கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு வேண்டாம். நாலு லிட்டர் கேன் ஒன்றை முன்பே நிரப்பி வைத்திருந்தால் தாராளமாகப் போதும்.

மேல்வரை நிரப்பி, பால் வால்வைத் திறந்துவிட்டால் எஞ்சின் பெரும்பாலும் முதல் முறையிலேயே பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டரை 30 விநாடிக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல், இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். மின் லிஃப்ட் பம்ப் இருந்தால் சாவியை ஆன் செய்து பம்ப் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் காற்று வெளியேறிவிடும். பழைய மெக்கானிக்கல் பம்பில் கையால் அடிக்கும் லீவர் இருக்கும். எஞ்சின் மேலுள்ள இரண்டாம் ஃபில்டரையும் அன்றே மாற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: காமன் ரெயில் எஞ்சினில் அதற்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி மாட்டக் கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் தாங்கும் இன்ஜெக்டரின் உள் இடைவெளிகள் சில மைக்ரான்தான். கேனின் தூசி நேரே அங்கே போய்விடும். காலியாக மாட்டி, பம்பைக் கொண்டே நிரப்ப வேண்டும். முதன்மை ஃபில்டரில் ஊற்றலாம், இரண்டாம் ஃபில்டரில் ஊற்றக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கழற்றிய எலிமென்ட்டை வெயிலில் வைத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். கறுப்புக் கொழகொழப்பும் புளித்த நாற்றமும் இருந்தால் நுண்ணுயிர். காவி நிறத் துகள் என்றால் டேங்க் துரு. நாற்றமில்லாமல் தார் போலக் கறுத்திருந்தால் பழசாகி ஆக்சிஜனேற்றம் அடைந்த டீசலின் கசடு. குளிர்காலத்தில் காகிதம் மெழுகு பூசியதுபோல் வெளுத்து, வீட்டுக்குள் கொண்டுவந்ததும் தெளிந்துவிட்டால் ஃபில்டரில் பிழையில்லை, டீசல் அந்தக் குளிருக்கு ஏற்றதல்ல. நுண்ணுயிர்தான் என்றால் கொல்லி மருந்து ஊற்றுவதற்கு முன் மூன்று எலிமென்ட்டாவது கையில் இருக்கட்டும். செத்ததெல்லாம் டேங்கிலிருந்து கிளம்பி ஃபில்டருக்குத்தான் வரும்; முதல் எலிமென்ட் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். அடியில் நிற்கும் தண்ணீரை எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் சில மாதத்தில் திரும்பவும் இதே வேலைதான்.

கேஜைப் படிப்பது தனி வித்தை. ஐட்லில் முள் அசையவே அசையாது. புது எலிமென்ட்டோடு, சுமையோடு, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் அடிப்படை எண். பின் எஞ்சின் வண்டியில் ஓட்டுநர் கேஜைப் பார்க்க முடியாது என்பதால், அதிகபட்ச அளவிலேயே நின்றுவிடும் இரண்டாம் முள் கொண்ட கேஜ் வாங்குங்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கலாம். அடிப்படை எண்ணிலிருந்து நாலைந்து அங்குலப் பாதரசம் (கேஜில் உறிஞ்சு விசையைக் குறிக்கும் அலகு) ஏறினால் எலிமென்ட் மாற்றும் நேரம். எஞ்சின் கையேட்டில் உச்ச வரம்பு தனியே இருக்கும், அதைத் தாண்ட விடாதீர்கள்.

இந்த ஒரு முள்ளைக் கொண்டு டீசல் பாதையின் பெரும்பாலான கோளாறுகளைப் பிரித்துவிடலாம். புது எலிமென்ட் போட்டும் முள் உயரத்திலேயே நின்றால் அடைப்பு டேங்க் பக்கம்: உறிஞ்சு குழாயின் வாய், உட்சுவர் பிரிந்து மடங்கிய ஹோஸ், அல்லது பாதி திறந்த வால்வ். சக்தி இல்லை, முள்ளும் தாழ்வாகவே இருக்கிறது என்றால் பம்ப் சோர்ந்துவிட்டது, இல்லை எங்கோ காற்று இழுக்கிறது, இல்லை இரண்டாம் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காற்றா என்று அறிய, வெளியேறும் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு அடி தெளிந்த குழாய் போட்டுக் குமிழி பாருங்கள். குமிழி வந்தால் டேங்க் ஹோஸைக் கழற்றி, ஃபில்டரின் நுழைவாயில் ஹோஸை டீசல் கேனுக்குள் விட்டு எஞ்சினை ஓட்டுங்கள். குமிழி நின்றுவிட்டால் ஓட்டை டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். நிற்காவிட்டால் மூடி கேஸ்கெட், டி-கைப்பிடி ஓ-ரிங், கிண்ணத்தின் அடைப்பு, இந்த வரிசையில் தேடுங்கள். டேங்க் நிறைந்திருக்கையில் நன்றாக ஓடி, கால் டேங்கில் திணறும் வண்டிக்கு உறிஞ்சு குழாயில் மேற்பாதியில் விரிசல் இருக்கலாம். டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்று குடிக்கத் தொடங்கும். ஜெனரேட்டர் மட்டும் கால் டேங்கில் நிற்கிறதா? அதைக் கோளாறு என்று எண்ணி ஃபில்டரைக் குடைய வேண்டாம், பல வண்டிகளில் அதன் குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைத்திருப்பார்கள்.

குறைகளும் உண்டு. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுத்தால் பந்து வால்வில் ஒரு மணல் துகள் உட்கார்ந்திருக்கலாம்; அதைச் சுத்தம் செய்யக் கிண்ணத்தையும் டர்பைனையும் கழற்ற வேண்டும், அப்போது அடிக் கேஸ்கெட்டும் புதிதாக வேண்டும். அந்தக் கேஸ்கெட் எலிமென்ட் பெட்டியில் வராது. கிண்ணத்தைப் பிரேக் கிளீனர், தின்னர், ஆல்கஹால் எதிலும் துடைக்கக் கூடாது. மேகம் படிந்து, பிறகு மயிரிழை விரிசல் விடும். டீசலும் துணியும் போதும். நூல் பிரியும் துணி மட்டும் வேண்டாம். சாலை அதிர்வில் அடைப்புத் திருகு மெல்லத் தளர்வதும் உண்டு, ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் விரலால் சோதித்துக்கொள்ளுங்கள். போலிகளும் சந்தையில் ஏராளம். வார்ப்பு கரடுமுரடாகவும் மூடியின் உட்காரும் தளம் சமமில்லாமலும் இருந்தால் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் காற்று இழுக்கும்.

வருடம் முழுக்க ஓடி, டேங்கை அடிக்கடி காலி செய்து நிரப்பும் வண்டிக்கு இது அவசியமில்லை. தொழிற்சாலை ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினாலே போதும். நின்று கிடக்கும் வண்டிக்கும், எங்கெங்கோ டீசல் அடிக்க நேரும் வண்டிக்கும், பழைய எஞ்சினுக்கும் 900 எஃப்ஜி தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே இரண்டு சிவப்பு எலிமென்ட், ஒரு நீலம், ஒரு அடிக் கேஸ்கெட், நாலு லிட்டர் கேன், ஒரு அடி தெளிந்த குழாய், இரண்டு கிளாம்ப் ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு, மூடியின் உள்பக்கம் கேஜின் அடிப்படை எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.